பாங்காக்ல 80,000 பாத் சம்பளம்: கையில நிக்கிறது எவ்வளவு?

"பாங்காக்ல இருந்து ஒரு ஆஃபர் வந்திருக்கு. மாசம் 80,000 பாத். போலாமா?"

இப்படி ஒரு ஆஃபர் வந்தா நாம எல்லாரும் செய்யற முதல் வேலை, ஃபோன்ல கால்குலேட்டரைத் திறக்கறதுதான். ஒரு பாத் சுமார் 2.50 ரூபாய்னு வச்சுக்கிட்டா மாசம் 2 லட்சம். உடனே மனசு பெட்டி கட்ட ஆரம்பிச்சிடும்.

கொஞ்சம் பொறுங்க. சென்னையில இருந்து மூணரை மணி நேர விமானப் பயணம்தான். அரிசிச் சோறு, தேங்காய்ப்பால், மல்லிகைப்பூ, ஏப்ரல் வெயில்னு பாதி ஊர் நம்ம ஊர் மாதிரியே இருக்கும். அதனாலயே பலரும் கணக்குல ஏமாறுறாங்க. தாய்லாந்து வாழ்க்கையோட சந்தோஷங்கள் தினமும் வரும், சின்ன விலையில வரும். தொல்லைகள் வருஷத்துக்கு நாலஞ்சு தடவைதான் வரும், ஆனா மொத்தமா பில்லோட வரும். மாச பட்ஜெட் மட்டும் போடறவங்களுக்கு முதல் பாதி தெரியும், ரெண்டாவது பாதி தெரியாது.

இந்தப் பதிவுல ரெண்டையும் எடுத்து வச்சு, கடைசியா கையில எவ்வளவு நிக்கும்னு பார்த்துடலாம்.

தினசரி சந்தோஷங்கள்

பாங்காக்ல நீங்க குடியிருக்கப்போறது பெரும்பாலும் ஒரு 'சோய்'ல. மெயின் ரோட்டுல இருந்து பிரியற சந்துக்கு அங்க அதுதான் பேர். காலையில ஆறு மணிக்கு காவி உடுத்திய பிக்குகள் பாத்திரத்தோட வரிசையா வருவாங்க. தெருக்காரங்க செருப்பைக் கழட்டிட்டு நின்னு சோறு, பழம் போடுவாங்க. பக்கத்துலயே ஒரு அம்மா கரி அடுப்புல இறைச்சி சுட்டுக்கிட்டு இருப்பாங்க. பழ வண்டிக்காரர் கொய்யாவும் அன்னாசியும் நறுக்கி, உப்பும் மிளகாய்த்தூளும் கலந்த பொட்டலத்தோட கொடுப்பார். மாங்காய்க்கு மிளகாய்த்தூள் தொட்டுச் சாப்பிட்ட நமக்கு இதை யாரும் சொல்லித்தரவே வேணாம்.

தெருக்கடையில ஒரு தட்டு சாப்பாடு 50, 60 பாத். தெருமுனை மெஷின்ல காசு போட்டு குடிதண்ணி பிடிச்சுக்கலாம். தெருவுக்கு ஒரு செவன் இலெவன் கடை இருக்கும். நம்ம யூபிஐ மாதிரியே அங்க 'ப்ராம்ப்ட்பே' இருக்கு. 2017ல வந்தது. இளநீர்க் கடையிலகூட கியூஆர் அட்டை தொங்கும். ஆரஞ்சு நிற சட்டை போட்ட பைக் டாக்சிக்காரர் சோய் வாசல்ல இருந்து ரயில் நிலையம் வரைக்கும் கொண்டுபோய் விட்டுடுவார். ஸ்கைட்ரெய்ன் 1999லயும், சுரங்க ரயில் 2004லயும் ஓட ஆரம்பிச்சது. வண்டி வாங்காமலே வாழ்ந்துடலாம்ங்கறது சம்பளக்காரங்களுக்குப் பெரிய மிச்சம்.

காசுக்கு வாங்க முடியாத சந்தோஷமும் உண்டு. நம்ம ஊர்ல "சாப்டாச்சா?"ன்னு கேட்டுத்தானே பேச்சை ஆரம்பிப்போம்? அங்கயும் "கின் காவ் ரெ யாங்?"னு கேப்பாங்க. அர்த்தம் அதேதான், சோறு சாப்பிட்டாச்சா. வயசுல பெரியவங்களை 'பி', சின்னவங்களை 'நோங்'னு கூப்பிடுவாங்க. அண்ணா, அக்கா, தம்பி, தங்கச்சின்னு கடைக்காரரை எல்லாம் உறவாக்கிக்கற நமக்கு இது ஒரு வாரத்துல பழகிடும். மல்லிகைக்கு அங்க 'மலி'ன்னு பேர், கட்டின பூவுக்கு 'மாலாய்'. சிக்னல்ல நிக்கும்போது பையன் ஒருத்தன் மல்லிகைச் சரத்தை நீட்டுவான் பாருங்க, அந்த வாசனையில ஒரு நிமிஷம் எந்த ஊர்ல இருக்கோம்னே மறந்துபோகும்.

சீலோம் ரோட்டுல 19ஆம் நூற்றாண்டுல தமிழர்கள் கட்டின மாரியம்மன் கோவில் இருக்கு. அங்க கும்பிடறவங்கள்ல தாய்லாந்துக்காரங்க ஏராளம். விஜயதசமி ராத்திரி அம்மன் ஊர்வலத்துக்கு அந்தப் பெரிய ரோட்டையே அடைச்சிடுவாங்க. ஏப்ரல் 13 முதல் 15 வரைக்கும் அவங்க புத்தாண்டு, சொங்க்ரான். நம்ம சித்திரை ஒண்ணும் அதுக்குள்ளதான் வரும். லீவுக்குத் தனியா கெஞ்ச வேண்டியதில்லை.

தினசரித் தொல்லைகள்

முதல் தொல்லை மொழி. ஒரே எழுத்துக்கூட்டு மாதிரி காதுல விழுற சொல், குரல் ஏறினா ஒரு அர்த்தம், இறங்கினா வேற அர்த்தம். மின்சார பில், வீட்டு ஒப்பந்தம், பேங்க் எஸ்எம்எஸ் எல்லாமே தாய் எழுத்துல வரும். வருஷம்கூட வேற. அவங்க புத்த ஆண்டுக் கணக்குல 2025ங்கறது 2568. பால் பாக்கெட்ல தேதியைப் பார்த்து பயந்துடாதீங்க.

ரெண்டாவது, நம்ம பேர். அப்பா பேரு பாஸ்போர்ட்ல சர்நேம் இடத்துல இருக்கும், சில பேருக்கு அந்த இடம் காலியாவே இருக்கும். இதை ஒர்க் பெர்மிட்ல தாய் எழுத்துல ஒரு மாதிரி, பேங்க்ல இன்னொரு மாதிரி எழுதிட்டாங்கன்னா பின்னாடி ரெண்டும் ஒத்துப்போகலைன்னு அலையணும். முதல் நாளே எழுத்துக்கு எழுத்து ஒண்ணா இருக்கான்னு பார்த்துக்கோங்க.

மூணாவது, சாப்பாடு. சைவம் சாப்பிடறவங்க 'ஜே'ங்கற சொல்லை மனப்பாடம் பண்ணிக்கணும். மஞ்சள் கொடியில சிவப்பு எழுத்து போட்ட கடை கண்ணுல பட்டா கண்ணை மூடிட்டுப் போகலாம். அங்க பூண்டு, வெங்காயம்கூட இருக்காது. மத்த கடைகள்ல "காய்கறி மட்டும்"னு சொன்னாலும் மீன் சாஸ் விழுந்துடும். இதுல பணக்கணக்கும் இருக்கு. தாய் சாப்பாடு பழகினவருக்கு ஒரு வேளை 60 பாத்ல முடியும். தினமும் தோசையும் சாம்பாரும் வேணும்னா இந்திய ஹோட்டல்ல 100 பாத்துக்கு மேல போகும். பாஹுரட் பக்கம் போனா கறிவேப்பிலை, பருப்பு, புளி எல்லாம் கிடைக்கும். வீட்டுல ஒரு குக்கர் இருந்தா மாசக் கடைசியில வித்தியாசம் தெரியும்.

நாலாவது, கரன்ட். பல அபார்ட்மென்ட்கள்ல ஓனர் யூனிட்டுக்கு 7, 8 பாத்னு போடுவார். மின்வாரியத்துக்கு நேரடியா கட்டினா சுமார் 4 பாத்தான். ஏசி ஓடி மாசம் 300 யூனிட் ஆச்சுன்னா, இந்த ஒரு விஷயத்துலயே மாசம் 1,000 பாத் போயிடும். வாடகை 1,000 பாத் கம்மின்னு நினைச்சு எடுத்த வீடு உண்மையில கம்மியே இல்லை. வீடு பார்க்கும்போது வாடகைக்கு அடுத்து கேக்க வேண்டிய கேள்வி, "யூனிட் எவ்வளவு?"

ஐந்தாவது, ரெண்டு விலை. காவ் யாய் தேசியப் பூங்காவுக்கு உள்ளூர்க்காரருக்கு 40 பாத், வெளிநாட்டவருக்கு 400. அரண்மனைக்கு அவங்களுக்கு இலவசம், நமக்கு 500. சில இடங்கள்ல ஒர்க் பெர்மிட் காட்டினா உள்ளூர் விலைக்கு விடுவாங்க. அது கவுன்டர்ல இருக்கறவர் மனசைப் பொறுத்தது.

இதெல்லாம் எரிச்சல்தான், ஆனா ஆளை சாய்க்காது. அடுத்து வர்றதுதான் சம்பளத்தைக் கடிக்கும்.

மொத்தமா வர்ற தொல்லைகள்

வேலைக்குப் போறவங்க முதல்ல வாங்கறது 'நான் இமிக்ரன்ட் பி' விசா. அது 90 நாளுக்கு. அதுக்குள்ள ஒர்க் பெர்மிட் வாங்கி, தங்கும் அனுமதியை ஒரு வருஷத்துக்கு நீட்டிக்கணும். நீட்டிப்புக் கட்டணம் 1,900 பாத். கம்பெனி கட்டுமா, நீங்க கட்டணுமான்னு ஆஃபர் லெட்டர்லயே கேட்டுக்கோங்க.

அடுத்தது ரீ என்ட்ரி பெர்மிட். இது பலருக்குத் தெரியாது. ஒரு வருஷ அனுமதி கையில இருந்தாலும், இந்த பெர்மிட் இல்லாம ஊருக்குப் போயிட்டா அந்த அனுமதி அங்கயே காலி. மறுபடி முதல்ல இருந்து ஆரம்பிக்கணும். ஒரு தடவைக்கு 1,000 பாத், வருஷம் முழுக்க எத்தனை தடவை வேணும்னாலும்னா 3,800. அம்மாவுக்கு உடம்பு சரியில்லைன்னு நடுராத்திரி ஃபோன் வந்தா, இமிக்ரேஷன் ஆஃபீஸ் எப்போ திறக்கும்னு தேடிக்கிட்டு இருக்கக் கூடாது. 3,800 பாத் பெர்மிட்டை ஆரம்பத்துலயே எடுத்து வச்சிடுங்க. அந்த நேரத்துல டிக்கெட் மட்டும் போட்டா போதும்.

90 நாளுக்கு ஒருமுறை உங்க முகவரியைத் தெரிவிக்கணும். அதுக்குக் கட்டணம் கிடையாது, ஆனா மறந்தா 2,000 பாத் அபராதம். நீங்க குடிவந்த 24 மணி நேரத்துக்குள்ள வீட்டு ஓனரும் இமிக்ரேஷனுக்குச் சொல்லணும். 'டிஎம் 30'னு பேர். சொல்ல வேண்டியது ஓனர், ஆனா நீட்டிப்புக்குப் போகும்போது அந்தச் சீட்டை உங்ககிட்டதான் கேப்பாங்க. "டிஎம் 30 போட்டுத் தருவீங்களா?"ன்னு கேட்டதும் முகம் சுளிக்கற ஓனர் வீடு வேணாம். அனுமதி தேதி தாண்டித் தங்கினா நாளைக்கு 500 பாத், அதிகபட்சம் 20,000.

இதோட வீட்டு அட்வான்ஸ். பெரும்பாலும் ரெண்டு மாச டெபாசிட், ஒரு மாச முன்வாடகை. 15,000 பாத் வீடுன்னா முதல் சம்பளம் வர்றதுக்கு முன்னாடியே 45,000 பாத் வேணும். நம்ம காசுல 1.12 லட்சம். இதைக் கிரெடிட் கார்டுல தேய்ச்சுட்டு விமானம் ஏறாதீங்க.

அப்புறம் ஜனவரியில இருந்து மார்ச், ஏப்ரல் வரைக்கும் புகை. வயல் எரிக்கற சீசன்ல காத்துல பிஎம் 2.5 ஏறிடும். வடக்குல சியாங் மாய் பக்கம் இன்னும் மோசம். ஏர் ப்யூரிஃபையர், மாஸ்க், இருமலுக்கு டாக்டர்னு அதுவும் ஒரு செலவு.

இப்போ கணக்கு போடலாம்

மாசம் 80,000 பாத்னா வருஷம் 9,60,000. இதுல 1,00,000 வரைக்கும் செலவுக் கழிவு, 60,000 தனிநபர் கழிவு. மீதிக்கு 1,50,000 வரைக்கும் வரி இல்லை, அதுக்கு மேல 5, 10, 15, 20 சதவீதம்னு படிப்படியா ஏறும், உச்சம் 35. இந்தச் சம்பளத்துக்கு வருஷ வரி சுமார் 73,000 பாத் வரும். மாசம் 6,100. சமூகப் பாதுகாப்பு நிதிக்கு 5 சதவீதம், ஆனா அதுக்கு உச்சவரம்பு இருக்கறதால மாசம் 1,000 பாத்தைத் தாண்டாது. கையில வர்றது சுமார் 73,000.

தனியா இருக்கற ஒருத்தரோட மாதிரி மாசச் செலவு:

- வாடகை: 15,000
- கரன்ட், தண்ணி: 2,500
- இன்டர்நெட், ஃபோன்: 1,000
- சாப்பாடு: 12,000
- போக்குவரத்து: 3,000
- மத்தது (மசாஜ், சினிமா, கடற்கரை ட்ரிப்): 6,000

மொத்தம் 39,500. மிச்சம் 33,500 பாத். "அடேங்கப்பா, 83,000 ரூபாய் மிச்சம்!"னு இங்கதான் நிறைய பேர் கணக்கை நிறுத்திடுவாங்க.

இப்போ வருஷத்துக்கு ஒருமுறை வர்றதை எல்லாம் சேருங்க. ஊருக்கு ரெண்டு தடவை போய்வர 30,000. நீட்டிப்பும் ரீ என்ட்ரியும் 5,700. அப்பா அம்மாவை ஒரு தடவை கூட்டிட்டு வந்து சுத்திக்காட்ட 25,000. பல், கண், தனியார் ஆஸ்பத்திரி 15,000. வீடு மாத்தறது, டெபாசிட்ல பிடிக்கறது 15,000. புகை சீசனுக்கு 5,000. கூட்டினா 95,700 பாத். மாசத்துக்கு வகுத்தா சுமார் 8,000.

இதுக்கு நாம 'தொல்லை நிதி'ன்னு பேர் வச்சுக்கலாம். சம்பளம் வந்த அன்னிக்கே 8,000 பாத்தைத் தனிக் கணக்குல போட்டுடுங்க. அப்புறம் இமிக்ரேஷன் வரிசையில நிக்கும்போது கால்தான் வலிக்கும், மனசு வலிக்காது.

ஆக உண்மையான மிச்சம் 25,500 பாத், அதாவது சுமார் 64,000 ரூபாய். இப்போ உங்களையே கேளுங்க: இன்னிக்கு நீங்க இருக்கற ஊர்ல மாசம் எவ்வளவு மிச்சம் பிடிக்கறீங்க? 20,000ன்னா பாங்காக் ஆஃபர் உங்களுக்கு நல்ல தாவல். ஏற்கனவே 50,000 மிச்சம் பிடிக்கறவரா இருந்தா, பணத்துக்காக மட்டும் போகாதீங்க. அனுபவத்துக்காகப் போங்க.

குழந்தை இருந்தா மொத்தக் கணக்கும் மாறிடும். அரசுப் பள்ளியில பாடம் தாய் மொழியில. இன்டர்நேஷனல் ஸ்கூல்னா வருஷத்துக்குப் பல லட்சம் பாத். கம்பெனி பள்ளிக் கட்டணம் கொடுக்கலைன்னா இந்தச் சம்பளம் குடும்பத்துக்குப் பத்தாது.

விருந்தாளியோட பெட்டி தயாரா இருக்கணும்

நம்ம ஆட்களை அங்க 'கேக்'னு சொல்வாங்க. மாரியம்மன் கோவிலுக்கே 'வாட் கேக்'னுதான் பேர். அந்தச் சொல்லுக்கு நேர் அர்த்தம் விருந்தாளி. சில நேரம் அன்பாவும் வரும், சில நேரம் லேசான கிண்டலாவும் வரும். பத்து வருஷம் அதே சோய்ல இருந்து, தாய் மொழி சரளமா பேசினாலும் அந்தப் பேர் மாறாது.

சட்டத்தோட பார்வையிலயும் நீங்க விருந்தாளிதான். உங்க தங்கும் அனுமதி வேலையோட கட்டப்பட்டது. வேலை முடியற நாளோட அனுமதியும் முடியுது. நம்ம ஊர்ல வேலை போனா வீட்டுல உட்கார்ந்து ரெண்டு மாசம் தேடலாம். அங்க சில நாள்ல வீட்டைக் காலி பண்ணி, சாமானை வித்து, டெபாசிட்டுக்கு ஓனர்கிட்ட நின்னு, டிக்கெட் போடணும்.

அதனால எமர்ஜென்சி ஃபண்ட் விதி அங்க இன்னும் கடுமை. மூணு மாசச் செலவு, மேல ஒரு டிக்கெட் காசு. இந்தக் கணக்குல சுமார் 1,25,000 பாத். பாதியை அங்க வைங்க, பாதியை இந்தியாவுல வைங்க. தாய் பேங்க் ஆப் உங்க தாய் மொபைல் நம்பரோட கட்டுண்டு இருக்கும். சிம் செத்துப்போனா ஊர்ல இருந்து அந்தப் பணத்தை எடுக்கறது பெரும்பாடு.

ஒரு நல்ல செய்தியும் இருக்கு. கம்பெனியே உங்களை அனுப்பினா சட்டப்படி இழப்பீடு உண்டு. 120 நாள் வேலை பார்த்திருந்தா 30 நாள் சம்பளம், ஒரு வருஷம் ஆகியிருந்தா 90 நாள், மூணு வருஷம் ஆகியிருந்தா 180 நாள். நீங்களா ராஜினாமா எழுதிக் கொடுத்தா இது கிடையாது. "ரிசைன் பண்ணிடுங்க, உங்களுக்குத்தான் நல்லது"ன்னு யாராவது சொன்னா, கையெழுத்து போடறதுக்கு முன்னாடி இந்த நம்பரை ஞாபகம் வச்சுக்கோங்க.

சொந்த வீடு ஆசை வந்தா இதையும் தெரிஞ்சுக்கோங்க. வெளிநாட்டவர் பேர்ல நிலம் வாங்க முடியாது. கண்டோ ஃப்ளாட் வாங்கலாம், அதுவும் ஒரு கட்டடத்தோட மொத்தப் பரப்புல 49 சதவீதம் வரைக்கும்தான் வெளிநாட்டவருக்கு.

கிளம்பறதுக்கு முன்னாடி இங்க முடிக்க வேண்டியது

- கிளம்பற தேதியைப் பாருங்க. ஏப்ரல் 1ல இருந்து 182 நாள் இந்தியாவுல இருந்துட்டீங்கன்னா அந்த நிதியாண்டுக்கு நீங்க இந்தியக் குடியிருப்பாளர். அங்க வாங்கற சம்பளத்தையும் இங்க காட்டணும். அங்க கட்டின வரிக்கு ஒப்பந்தப்படி கழிவு உண்டு, ஆனா வேலை ரெட்டிப்பு. அங்க வரி ஆண்டு ஜனவரி முதல் டிசம்பர், இங்க ஏப்ரல் முதல் மார்ச். ரெண்டு நாட்டு சம்பளச் சீட்டையும் பத்திரமா வைங்க.
- சாதாரண சேவிங்ஸ் கணக்கை என்ஆர்ஓ ஆக்கணும். அங்க இருந்து அனுப்பற பணத்துக்கு என்ஆர்இ கணக்கு திறங்க. என்ஆர்இ வட்டிக்கு இந்தியாவுல வரி இல்லை.
- மியூச்சுவல் ஃபண்ட் கேஒய்சியை என்ஆர்ஐ ஆக மாத்துங்க. எஸ்ஐபியை நிறுத்த வேண்டியதில்லை.
- பிபிஎஃப் இருந்தா முதிர்வு வரைக்கும் கட்டலாம். போன பிறகு புதுசா திறக்க முடியாது.
- இந்தியாவுக்கும் தாய்லாந்துக்கும் சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் கிடையாது. அதனால ஓய்வுக்கால சேமிப்பை நீங்களேதான் பார்த்துக்கணும். கம்பெனியில ப்ராவிடன்ட் ஃபண்ட் இருக்கான்னு கேளுங்க. அங்க அது எல்லாக் கம்பெனியிலயும் இருக்காது.

ஒரு எச்சரிக்கை

தாய்லாந்துல 'டிஜிட்டல் மார்க்கெட்டிங்', 'டேட்டா என்ட்ரி' வேலைன்னு சொல்லிக் கூட்டிட்டுப்போய், மே சோட் எல்லை வழியா மியான்மர்ல மியாவடி பக்கம் இருக்கற மோசடி முகாம்கள்ல அடைக்கற கும்பல் பத்தி இந்திய அரசு 2022லயே எச்சரிச்சது. அதுக்கப்புறமும் நம்ம பசங்க மாட்டியிருக்காங்க, மீட்டுக் கொண்டுவந்திருக்காங்க. அடையாளம் சுலபம்: "டூரிஸ்ட்டா வாங்க, வந்ததும் விசா மாத்திக்கலாம்"னு சொல்வாங்க. முறையான கம்பெனி நீங்க கிளம்பறதுக்கு முன்னாடியே வேலை விசாவுக்கான பேப்பரை அனுப்பும். வேலை பாங்காக்ல, ஆனா ஏர்போர்ட்ல ஏறின கார் மணிக்கணக்கா வடமேற்கே போகுதுன்னா, எதுவோ பெரிய தப்பு நடக்குதுன்னு அர்த்தம்.

கடைசியா

ஆஃபர் கையில இருந்தா ஹெச்ஆர்கிட்ட இந்த அஞ்சு கேள்வியைக் கேளுங்க: விசா, ஒர்க் பெர்மிட் செலவு யாருது? முதல் மாசத்துக்கு தங்க இடம் உண்டா? ஊருக்குப் போய்வர டிக்கெட் தருவீங்களா? ப்ராவிடன்ட் ஃபண்ட் இருக்கா? தனியா ஹெல்த் இன்ஷூரன்ஸ் உண்டா? அஞ்சுல மூணுக்கு "ஆமா"ன்னு வந்தா, மேல சொன்ன தொல்லை நிதி பாதியாக்கூட குறையலாம். அந்த "ஆமா"வை மெயில்ல வாங்கி வச்சுக்கோங்க.

அங்க எதுக்கெடுத்தாலும் "மை பென் ராய்"னு சொல்வாங்க. பரவாயில்லை, விடுங்கன்னு அர்த்தம். பஸ் லேட்டானா, மழையில சோய் முட்டளவு தண்ணியானா, நீங்களும் சிரிச்சுக்கிட்டே அதைச் சொல்லலாம். ரீ என்ட்ரி பெர்மிட்டுக்கும் எமர்ஜென்சி ஃபண்டுக்கும் மட்டும் சொல்லிடாதீங்க.

உங்க சம்பளத்தை வச்சு இதே கணக்கை ஒரு பேப்பர்ல போட்டுப் பாருங்க. அடுத்த பதிவுல சந்திப்போம்.